மலையேறும் வண்டி ஏன் தளர்கிறது?

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் சாலையில், கல்லாறு வரையில் விரைந்தோடிய மோட்டார் வண்டி, பர்லியாறை அடைவதற்குள் தளர்ந்து தள்ளாடுவதுண்டு. என் நண்பர் ஒருவரின் வண்டி அவ்வாறே ஒரு கொண்டையூசி வளைவில் நின்றுவிட்டது. பின்னோக்கி உருளாதபடி சக்கரத்திற்குக் கல்லை அண்டக் கொடுத்தோம். "எஞ்சினையே பிரிக்கவேண்டும்" என்றார் உடன் வந்த ஒருவர். உண்மையில் பழுது எங்கே இருந்தது?

முதலில், ஏற்றம் வண்டியிடம் என்ன கேட்கிறது என்று கணக்கிடுவோம். வண்டியின் எடை 1,000 கிலோகிராம்; வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையில், அவ்வெடையை வினாடிக்கு ஒரு மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 13 குதிரைத்திறன் வேண்டும். சமதரையில் ஓடுவதற்கு வேண்டிய திறனுக்கு மேல் இது தனிச் சுமை. ஆதலால், சமவெளியில் ஒளிந்திருக்கும் குறை மலையில் வெளிப்படுகிறது.

இயற்கையான தளர்ச்சியும் ஒன்றுண்டு. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ பொருத்தப்படாத எஞ்சினின் திறனும் ஏறக்குறைய அவ்வளவே குறையும். இது பழுதன்று, கீழ்க் கியரில் ஏறுவதே இதற்கு வழி. ஆனால் பர்லியாறு அத்துணை உயரத்தில் இல்லை. அங்கேயே வண்டி நின்றதென்றால் வேறு காரணம் தேடவேண்டும்.

அதை எவ்வாறு தேடுவது? எஞ்சின் விரைந்து சுழன்றும் வண்டி நகரத் தயங்கினால், கிளச்சு நழுவுகிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சூடேறியிருந்தால், அதன் பிரேக்கு விடுபடாமல் பற்றியிருக்கலாம். இவ்விரண்டும் இல்லாமல் எஞ்சினே தளர்ந்தால், அதற்கு வேண்டிய நான்கினையும் ஒவ்வொன்றாக ஆராயவேண்டும். அவை காற்று, பெட்ரோல், தீப்பொறி, அழுத்தம் என்பன. கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது பெட்ரோல் மிகுந்துவிட்டது எனலாம். எஞ்சின் விட்டுவிட்டு இழுத்தால் பிளக்கையும் அதன் கம்பியையும் சோதிக்கவேண்டும். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும். அழுத்தமானியை வைத்து அளந்தபின்னரே அதனை உறுதி செய்யலாம். இக்காலத்து வண்டிகளில் எச்சரிக்கை விளக்கும் குறியீடும் துணை செய்கின்றன. எனினும் அவை ஐயத்திற்குரிய இடத்தைச் சுட்டுமேயன்றி, தீர்ப்புச் சொல்வதில்லை.

நண்பரின் வண்டியில் புகையும் இல்லை, சூடும் இல்லை. பத்து நிமிடம் ஓய்ந்தபின் நன்றாக ஏறிற்று. சிறிது தொலைவில் மீண்டும் தளர்ந்தது. பெட்ரோல் போதிய அளவில் வந்து சேரவில்லை என்பதற்கு இது தக்க குறிப்பு. பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தபோது அது அழுக்கால் அடைபட்டிருந்தது. சமதரையில் வேண்டிய சிறிதளவு பெட்ரோலை அது விட்டது. ஏற்றத்தில் வேண்டிய பேரளவை விடவில்லை. புதிய வடிகட்டியைப் பொருத்தி, அதே ஏற்றத்தில் மீண்டும் ஓட்டிப் பார்த்தோம். வண்டி தடையின்றி ஏறிற்று.

மாணவர்களே, அன்று நாங்கள் இரண்டு மூன்று பொருள்களை ஒருங்கே மாற்றியிருந்தால், வண்டி ஓடியிருக்கும். காரணம் மட்டும் விளங்கியிராது. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். மாற்றியதை அதே ஏற்றத்தில் சோதியுங்கள். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் முறையும் இதுவே.