டோகாமாக்கில் பிளாஸ்மா குலைவும் தறிகெட்ட எதிர்மின்னிகளும்

பிளாஸ்மா குலைவு என்பது, டோகாமாக் கருவிக்குள் காந்தப்புலத்தால் தாங்கி நிறுத்தப்பட்ட பிளாஸ்மா, சில மில்லிநொடிகளில் தன் வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் இழந்து அணைந்துபோகும் நிகழ்வாகும். அணுக்கரு இணைவு உலைகளைக் கட்டுவதில் உள்ள பெரிய தடைகளுள் இதுவும் ஒன்று. இந்தியாவில் இச்சிக்கல், குஜராத்தின் காந்திநகர் அருகே பாட் என்னும் ஊரிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆராயப்பட்டு வருகிறது. அங்குள்ள 'ஆதித்யா', 1989-இல் இயங்கத் தொடங்கியது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் டோகாமாக் அதுவே.

குலைவு நிகழும் விதம்

டோகாமாக்கின் உட்கலம் மெதுவடை வடிவம் கொண்டது. வெளியே சுற்றிய கம்பிச்சுருள்கள் மட்டும் பிளாஸ்மாவைப் பிடித்து வைக்கப் போதா. பிளாஸ்மாவின் ஊடே ஒரு பெரும் மின்னோட்டமும் பாய வேண்டும். அது உண்டாக்கும் காந்தப்புலம், புலக்கோடுகளைக் கயிறுபோல் முறுக்குகிறது. கருவியின் பலமும் பலவீனமும் இந்த மின்னோட்டமே.

வளிமம் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் விளிம்பு குளிர்ந்து, மின்னோட்டம் நடுவே ஒடுங்குகிறது. அப்போது புலக்கோடுகள் அறுந்து மாறி ஒட்டிக்கொள்ள, 'காந்தத் தீவுகள்' வளர்கின்றன. தீவுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்ததும் வெப்பம் முழுவதும் சுவரை நோக்கிக் கொட்டிவிடும். குளிர்ந்த பிளாஸ்மாவின் மின்தடை பல மடங்கு எகிறுவதால், அடுத்து மின்னோட்டமும் சரிகிறது.

தறிகெட்ட எதிர்மின்னிகள்

மின்னோட்டம் சட்டென்று சரியும்போது, அதைத் தக்கவைக்க முயலும் மின்புலம் வளையம் நெடுகத் தூண்டப்படுகிறது. இங்குதான் விந்தை. மிதிவண்டியில் வேகம் கூடக்கூட எதிர்க்காற்றும் கூடும். பிளாஸ்மாவில் தலைகீழ்: வேகமான எதிர்மின்னிக்கு மோதல்களால் வரும் இழுவை குறைவு. ஒரு வரம்பைத் தாண்டிய எதிர்மின்னியை எதுவும் நிறுத்தாது. அது ஒளியின் வேகத்தை நெருங்கிவிடும். அது வழியில் மோதும் மெதுவான எதிர்மின்னியும் வேகம் பெற்று அதே கூட்டத்தில் சேர, எண்ணிக்கை பனிச்சரிவுபோல் பெருகுகிறது. இக்கற்றை சுவரில் ஓரிடத்தில் பாய்ந்தால் உலோகம் உருகும். இங்கிலாந்தின் ஜெட் கருவியில் பெரிலியம் ஓடுகள் அவ்வாறு உருகியதுண்டு.

ஆதித்யாவில் செய்தவை

ஆதித்யாவில் ஹைட்ரஜன் வளிமத்தைப் பீய்ச்சி வேண்டுமென்றே குலைவைத் தூண்டினர். பிறகு அதைத் தடுக்க இரு வழிகளைச் சோதித்தனர். ஒன்று, பிளாஸ்மாவின் விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு மின்முனையை வைத்து மின்னழுத்தம் கொடுப்பது. மற்றொன்று, 50 முதல் 70 கிலோவாட் வரையிலான வானலை அதிர்வெண் துடிப்பைச் செலுத்துவது. இரண்டிலும் விளிம்புப் பிளாஸ்மா வேகமாகச் சுழன்று, தீவுகளின் வளர்ச்சி அடங்கியது. தறிகெட்ட எதிர்மின்னிகளுக்கோ, வளையத்தின் ஓரிடத்தில் மட்டும் செங்குத்துக் காந்தப்புலத்தைக் கொடுத்து, அவை ஆற்றல் திரட்டும் முன்பே வெளியே இழுத்துவிட்டனர். இம்முடிவுகள் 2015-இல் வெளியாயின. 2016-இல் 'ஆதித்யா-யு' என மேம்படுத்தப்பட்ட பின், லித்தியம் சேர்மத் துகள்களை மின்காந்த விசையால் பிளாஸ்மாவுக்குள் எய்யும் கருவியும் அதில் சோதிக்கப்பட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆதித்யாவின் மின்னோட்டம் சுமார் 1 லட்சம் ஆம்பியர். இந்தியாவும் பங்காளியாக இருந்து பிரான்சில் கட்டப்படும் ஐட்டர் உலையிலோ 1.5 கோடி ஆம்பியர். பனிச்சரிவுப் பெருக்கம் மின்னோட்டத்தைப் பொறுத்து அடுக்குக்குறி முறையில் கூடுவதால், சிறு கருவியில் பெரிதாகத் தலைகாட்டாத ஆபத்து அங்கே முதன்மையாகிவிடுகிறது. ஆகவே ஆதித்யா முடிவுகளை அப்படியே ஐட்டருக்குப் பொருத்திவிட முடியாது.

ஐட்டரின் ஏற்பாடு

ஐட்டருக்குத் தேர்ந்த வழி, உறையவைத்த ஹைட்ரஜன், நியான் குண்டுகளை எய்வது. குழாயின் வளைவில் மோதிச் சிதறும் இத்துண்டுகளில் நியான், வெப்பத்தை ஒளியாக மாற்றிச் சுவர் முழுதும் பரப்பும். ஹைட்ரஜன் அடர்த்தியைக் கூட்டுவதால் எதிர்மின்னிகளின் மீதான இழுவை மிகும். அதையும் மீறிக் கற்றை உருவானால்? ஜெட்டில் டியூட்டீரியம் மட்டும் செலுத்தியபோது, கற்றை ஓரிடத்தில் பாயாமல் பரந்த பரப்பில் ஒரே கணத்தில் சிதறியது. சுவருக்குச் சேதம் ஏற்படவில்லை. ஐட்டரின் பெரிய மின்னோட்டத்தில், அப்படிச் சிதறிய பின்னும் மிஞ்சும் சில எதிர்மின்னிகள் மறுபடி பெருகிக் கற்றையாகுமா என்பதே இப்போதைய கேள்வி.