மண்ணிற் கிடைத்த கச்சைப் பூட்டுகளின் காலம்

மேலை ஐரோப்பாவின் பழங்கல்லறைகளில் மிகுதியாகக் கிடைக்கும் பொருள்களுள் ஒன்று, அரைக்கச்சையை இறுக்கும் உலோகப் பூட்டு. இக்காலத்தார் பக்கிள் என வழங்குவதும் இதுவே. வளையம், நா, தகடு என்பன அதன் உறுப்புகள். தோல் மட்கிவிட, உலோகம் எஞ்சும். அதில் ஆண்டு பொறிக்கப்பட்டிராது. அவ்வாறாயின் அதன் காலத்தை அறிஞர் வரையறுப்பது எங்ஙனம்?

வடிவங்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்தலாம். ஆயின் வடிவ வரிசை முன்பின் கூறுமேயன்றி ஆண்டு கூறாது. புலவர் பெயரும் பாடப்பட்டோர் பெயரும் இழந்த தனிப்பாட்டை நடைகொண்டு ஆராய்வார்க்கு இவ்விடர்ப்பாடு புதிதன்று. ஆண்டு பெற வேண்டின் உடன்கிடந்த பொருள்களை நாடுதல் வேண்டும்.

இதற்குத் தலையாய சான்று, பெல்சியத்தின் தூர்னே நகரில் 1653 மே 27-இல் வெளிப்பட்ட கல்லறை. பொற்பூட்டுகள், வாளுறுப்புகள், நூற்றுக்கு மேற்பட்ட பொற்காசுகள் ஆகியவற்றோடு, ‘சில்தெரிக் அரசனுடையது’ எனப் பொருள்படும் இலத்தீன் எழுத்துப் பொறித்த முத்திரை மோதிரமும் அங்கு இருந்தது. சில்தெரிக், பிராங்கு இனத்து மன்னன், கி.பி. 481 அல்லது 482-இல் இறந்தவன். காசுகளுட் பிந்தியவை, 474-இல் அரியணையேறிய சீனோ பேரரசனுடையவை. கல்லறை தன்கண் உள்ள காசிற்கு முந்தியதாகாது. எத்துணைப் பிந்தியது என்பதைக் காசு காட்டாது. அக்குறையை நிறைத்தது மோதிரமே. ஆதலின், செம்மணி பதித்த அப்பூட்டுகள் 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கில் இருந்தவை என்பது ஐயமின்றித் துணியப்பட்டது.

இவ்வாறு ஆண்டு தெளிந்த கல்லறைகளைக் கொண்டே வடிவ வரிசைக்குக் காலம் குறித்தனர். நாவின் அடி கேடயம்போல் விரிந்த பூட்டுகள் 6-ஆம் நூற்றாண்டிற் பரவின. வெள்ளியிழை பதித்த பெரிய இரும்புத் தகடுகள் 7-ஆம் நூற்றாண்டிற்குச் சிறப்பாக உரியன. துருவேறிய இரும்பில் அவ்விழை கண்ணுக்குப் புலப்படாது. எக்ஸ் கதிர்ப் படமே காட்டும். துருவைச் சுரண்டுவோர் காலங்காட்டும் அடையாளத்தையே அழித்துவிடுகின்றனர்.

செம்மணியும் ஒரு சான்று. 5, 6-ஆம் நூற்றாண்டுப் பொருள்களிற் பதித்த கற்களுட் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவை என அண்மை ஆய்வுகள் காட்டியுள்ளன. 7-ஆம் நூற்றாண்டிற் பொகீமியாவின் சிறு கற்கள் அவற்றின் இடத்தைப் பெற்றன. கடல்வழி வாணிகம் பற்றி ஆராயும் நம்மவர் இதனைக் கருதுவது நன்று.

தூர்னேப் புதையலின் பெரும்பகுதி இன்று இல்லை. 1831 நவம்பரில் பாரிசு அரச நூலகத்திலிருந்து களவாடப்பட்டு உருக்கப்பட்டது, மோதிரமும் மறைந்தது. சிப்பிளே என்னும் மருத்துவர் 1655-இல் ஆண்டுவெர்ப்பு நகரில் வெளியிட்ட நூலில், பூட்டு, காசு, மோதிரம் அனைத்தையும் ஒருங்கே படமாக வரைவித்திருந்தார். அப்படங்களே இன்று அக்கல்லறைக்கு முதன்மைச் சான்று.