துணிமூட்டையோடு வந்த தலைவர்

லிந்துலையின் தேயிலை மலைகளிலே தொழிற்சங்கக் கூட்டம் நடப்பதைக் கண்டு இன்று யாரும் வியப்பதில்லை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் நிலைமையே வேறு. அனுமதியின்றி வெளியார் தோட்டத்துக்குள் காலடி வைத்தால் அது அத்துமீறல் குற்றம்.

அந்த வேலியைக் கோ. நடேசய்யர் கடந்த விதம் சுவையானது. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த இப்பத்திரிகையாளர், புடவை வியாபாரியாக வேடம் பூண்டு, துணிமூட்டையுடன் தோட்டங்களுக்குள் சென்றார் என்பர். புடவை விற்க வந்தவர் லயத்து வாசலிலே அமரலாம். குறைகளைக் காது கொடுத்துக் கேட்கலாம். மேடையில் முழங்குவோருக்கு அந்த வாய்ப்பு ஏது?

எழுத்தறியாத மக்களிடையே துண்டுப் பிரசுரம் மட்டும் என்ன செய்யும்? அவர் துணைவியார் மீனாட்சியம்மை, மக்களுக்குப் பழகிய மெட்டுகளிலே பாட்டுக் கட்டிக் கூட்டங்களிற் பாடினார்.

ஐயர் இலங்கைக்கு வந்து பத்தாண்டுகள் கழிந்த பின்னரே, 1931ஆம் ஆண்டில், அவரது தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் உருவாயிற்று. காலதாமதம் என்று சிலர் கருதலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கங்காணியின் குரலுக்கே நடுங்கிப் பழகிய தலைமுறை ஒரே நாளில் நிமிர்ந்துவிடுமா? 1936இல் ஹட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர்.

1947இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984இல்தான் கிடைத்தது. மீனாட்சியம்மையின் பாட்டைக் கேட்ட கொழுந்துக்காரிகள் சிலர், பாட்டிகளாக இருந்து, பேத்திமார் கையில் அந்தச் சம்பளத்தைக் கண்டிருக்கக்கூடும்.