ஷவர் கதவில் தண்ணீர் கசிகிறதா?

ராமேஸ்வரம் தீவில் குடித்தனம் செய்கிறவர்களுக்குத் தெரியும், இங்கே எந்தச் சாமானுக்கும் ஆயுசு குறைச்சல். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக் காற்று அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தும்படி ஆயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் விசேஷ பெயின்ட்டும் தேவைப்பட்டன. இரும்புக்கே இந்தக் கதி என்றால் குளியலறைச் சாமான் எம்மாத்திரம்!

வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கட்டும் வீடுகளில் இப்போது ஷவருக்குக் கண்ணாடிக் கதவு வைப்பது சகஜமாகிவிட்டது. எங்கள் கொழுந்தனாரும் ஆசைப்பட்டு வைத்தார். கதவின் அடியிலும் பக்கத்திலும் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு பட்டை சொருகியிருப்பார்கள். ரப்பர் என்று சொன்னாலும் பெரும்பாலும் அது மெத்தென்ற பிளாஸ்டிக்தான். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். அது வெள்ளை வெள்ளையாகப் படிந்து, பட்டை மஞ்சளித்து, விறைத்து, ஓரம் பிளந்துவிட்டது.

"என்னத்தா, தரையெல்லாம் தண்ணியாவுல கெடக்கு!" என்று அத்தை தினமும் சொல்வார். ஒரு நாள் விடிகாலையில் அந்தத் தண்ணீரிலேயே அவருக்குக் கால் வழுக்கிவிட்டது. நல்லவேளை, வாஷ்பேசினைப் பிடித்துக் கொண்டார். எழுபதைத் தாண்டியவர், இடுப்பு எலும்பு முறிந்திருந்தால் யார் என்ன செய்ய முடியும்? பார்க்க வந்த ஆளோ, "கதவையே மாத்தணும்க்கா" என்று ஒரே போடாகப் போட்டார். மாற்ற வேண்டியது பட்டையை மட்டும்தான்.

கதவின் மேல் விளிம்பில் ஸ்கேலை வைத்துக் கண்ணாடியின் கனத்தை அளந்து கொள்ளுங்கள். 8 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்று இருக்கும். கதவுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியும் வேண்டும். பழைய பட்டையில் ஒரு துண்டு வெட்டிக் கடைக்குக் கொண்டு போனால் பேச்சே வேண்டாம். நான் ராமநாதபுரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வாங்கினேன்.

பழைய பட்டையை ஒரு முனையிலிருந்து கையால் இழுத்தாலே வரும். அடம் பிடித்தால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி இளக்குங்கள். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் வைத்து மட்டும் நெம்பாதீர்கள். இது டஃபன்டு கண்ணாடி. நடுவில் தட்டினால் தாங்கும், ஓரத்தில் அடிபட்டால் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும்.

விளிம்பில் உள்ள சுண்ணாம்புப் படிவுக்கு வினிகர் நனைத்த துணியைக் கால் மணி நேரம் சுற்றி வைத்துத் தேய்த்தால் போதும். தரை கடப்பைக் கல்லோ மார்பிளோ என்றால் வினிகர் சொட்டக் கூடாது, பளபளப்பு போய்விடும். ஆசிட் வேண்டவே வேண்டாம், கீல்கள் அரித்துப் போகும்.

புதுப் பட்டையைக் கதவின் அகலத்துக்கு வெட்டி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு முனையிலிருந்து அழுத்திக்கொண்டே போனால் உட்கார்ந்துவிடும். பசை தேவையில்லை. அடிப்பட்டையில் சரிவாக நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு குளிக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் கண்ணாடியில் வழியும் தண்ணீர் உள்ளேயே சொட்டும். திருப்பிப் போட்டால் புதுப் பட்டையும் கசியும்.

அசையாத கண்ணாடி சுவரோடு சேரும் இடத்தில் இருப்பது பட்டை அல்ல, சிலிக்கோன். அது பிய்ந்திருந்தால் பழையதை முழுக்கச் சுரண்டி, ஈரமில்லாமல் காயவிட்டு, புதிதாகப் பூசி ஒரு நாள் தண்ணீர் படாமல் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது, எல்லாரும் கொல்லைப்புறத்தில் குளித்தோம். அத்தைக்கு அதில் ஏக சந்தோஷம்!

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஷவரைத் திறந்து விடாதீர்கள். தண்ணீருக்குத் தவிக்கிற ஜில்லா நம்முடையது. கதவைச் சாத்தி, உள்ளிருந்து கண்ணாடி மேல் இரண்டு செம்பு ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். குளித்த பிறகு பட்டையை ஒரு பழைய துணியால் துடைத்து, கதவைத் திறந்தே வையுங்கள். தண்ணீரைத் துடைத்துவிட்டால் சுண்ணாம்பு சீக்கிரம் படியாது.

- ஒரு வாசகி, தங்கச்சிமடம்.