இல்லத்திற்கேற்ற ஒளிப்பதிவுக் கருவி: தேர்வும் பேணலும்

காவிரிப் படுகையின் உழவர்களுக்கு விதைநெல்லின் அருமை நன்கு தெரியும். உண்பதற்குரிய நெல் பத்தாயத்தில் கிடக்கும். விதைநெல்லோ நன்கு காயவைக்கப்பெற்று, வைக்கோற்புரியால் கட்டிய கோட்டைக்குள் தனியே பேணப்படும். வீட்டில் அரிசி குறைந்தாலும் அதில் கை வைப்பதில்லை. அது போனால் அடுத்த பருவமே போயிற்று. நம் இல்லங்களில் உள்ள பழைய ஒளிப்பதிவுகளும் இத்தகைய விதைநெல்லே எனலாம். நிக்காஹ் நாளின் நிகழ்ச்சிகள், ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பெரியவரை வழியனுப்பிய காட்சி, மறைந்துவிட்ட பாட்டியார் திண்ணையில் அமர்ந்து பேசிய பேச்சு ஆகியவற்றை மீண்டும் படம்பிடிக்க எவராலும் இயலாது. எனவே, அவற்றை ஏற்றுக் காக்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் நாம் மிகுந்த கவனம் கொள்ள வேண்டியிருக்கிறது.

நாடாவிலிருந்து வட்டுக்கு

இன்று நாம் அறிந்துள்ள இருவகைப் பதிவு முறைகளும் ஒரே ஆண்டில் வெளிவந்தவை என்பது வியப்புக்குரியது. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் தொலைக்காட்சி நிலையங்களுக்கான ஒளிநாடாப் பதிவுக் கருவியை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் உலகின் முதல் வன்வட்டை வெளியிட்டது. ஐம்பது பெருந்தட்டுகளைக் கொண்ட அவ்வியந்திரத்தின் கொள்ளளவு ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துகளே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்திற்கே அந்த இடம் போதாமற் போகலாம்.

இல்லங்களுக்குள் முதலில் நுழைந்தது நாடாவே. சோனியின் பீட்டாமேக்ஸ் 1975இலும், ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். 1976இலும் வந்தன. திருவாரூர் மாவட்டத்தின் கூத்தாநல்லூர், பொதக்குடி, அடியக்கமங்கலம், முத்துப்பேட்டை முதலிய ஊர்களிலிருந்து மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளுக்குப் பொருளீட்டச் சென்றோர் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த பொருள்களுள் ‘டெக்’ எனப்பட்ட வீடியோ கருவிக்குத் தனியிடம் இருந்தது. ஊரில் நடந்த திருமணத்தின் நாடா கடல் கடந்து சென்று, வரவியலாத தந்தைக்கு மகளின் மணக்கோலத்தைக் காட்டியது.

அந்நாடாக்கள் இப்போது முதுமையெய்திவிட்டன. நம் பகுதியின் ஈரக்காற்றில் அவற்றின் மீது வெண்பூஞ்சை படர்கிறது. அவற்றை ஓட்டிக்காட்டும் புதிய கருவிகளும் இல்லை. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 சூலையில் உற்பத்தியை நிறுத்தியதோடு வி.எச்.எஸ். கருவிகளின் காலம் முடிந்தது. ஆகவே, வன்வட்டுக்கு மாறுவது இன்று கட்டாயமாகிறது.

வன்வட்டைக் கொண்ட இல்லப் பதிவுக் கருவிகள் அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டில் டிவோ, ரீப்ளே டிவி என்னும் பெயர்களில் வந்தன. இந்தியாவில் செட்டாப் பெட்டிக்குள்ளேயே வன்வட்டு அமைந்த டாட்டா ஸ்கை பிளஸ் 2008இல் அறிமுகமாயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்தோர் வழியாக, வன்வட்டும் டிவிடி எழுதியும் ஒருங்கே அமைந்த கருவிகளும் நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தன.

ஓர் இல்லத்தில் நிகழ்ந்தது

நமக்கு உறவான ஓர் இல்லத்தில் அத்தகைய கருவி ஒன்று இருந்தது. வீட்டிலிருந்த இருபதுக்கும் மேற்பட்ட நாடாக்களை அதன் வன்வட்டில் ஏற்றினர். பூஞ்சை பிடித்த நாடாக்கள் இனி எதற்கு என்று அவற்றை அகற்றியும் விட்டனர். சில ஆண்டுகள் கழித்து ஐப்பசி மாதத்து இடிமழையொன்றில் அக்கருவியின் மின்பலகை கருகியது. வட்டு கெடவில்லை. அதைக் கழற்றிக் கணினியில் இணைத்தபோது, “இவ்வட்டு வெறுமையாக உள்ளது, புதிதாக வடிவமைக்கலாமா?” என்று கணினி கேட்டது. அக்கருவி தனக்கே உரிய முறையில் பதிவுகளை அடுக்கி வைத்திருந்தமையால் வேறெந்தக் கருவியாலும் அவற்றைப் படிக்க இயலவில்லை. அவ்வீட்டுத் தாயாரின் குரல் அந்த வட்டுக்குள்தான் இருந்தது. அதைக் கேட்கத்தான் வழியில்லாமற் போயிற்று. அதே கருவியில் டிவிடி எழுதும் வசதியும் இருந்தது. ஒருநாளேனும் அதைப் பயன்படுத்தியிருந்தால் அக்குரல் பிழைத்திருக்கும்.

அமானிதம் என்னும் சொல்லை நாம் நன்கறிவோம். ஒருவரிடம் ஒப்படைத்த பொருளைக் கேட்டபோது குறைவின்றித் திருப்பித் தருபவரே நம்பிக்கைக்குரியவர். ஒளிப்பதிவுக் கருவிக்கும் அதுவே உரைகல். அது எத்தனை ஆண்டு ஓடும் என்பது இரண்டாவது வினா. ஏற்ற பதிவை நமக்குத் திருப்பித் தருமா என்பதே முதல் வினா.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

முதலாவதாக, பதிவை வெளியே எடுக்க இயலுமா என்று பார்க்க வேண்டும். கட்டண அலைவரிசைகளைப் பதியும் செட்டாப் பெட்டிகளில் பதிவுகள் பூட்டப்பட்டிருக்கும். அவை அப்பெட்டியோடும் சந்தாவோடும் பிணைந்தவை. ஆட்டத்தையோ பட்டிமன்றத்தையோ பதிந்து, பார்த்து, அழித்துவிட அவை ஏற்றவை. காலங்காலமாகக் காக்க ஏற்றவை அல்ல. இலவச ஒளிபரப்பைப் பெறும் பெட்டிகள் பலவற்றில் பென் டிரைவையோ புற வன்வட்டையோ இணைத்துப் பதியலாம். அப்பதிவுகள் பெரும்பாலும் கணினியிலும் ஓடும். கடையிலேயே பத்து நிமிடம் பதிந்து, அதை வேறொரு கணினியில் ஓட்டிப் பார்த்த பின்னரே பணம் கொடுப்பது அறிவுடைமை.

இரண்டாவதாக, மின்தடையைத் தாங்குமா என்று சோதிக்க வேண்டும். வன்வட்டுக்குள் தட்டுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மின்சாரம் திடீரென நின்றால் முனை தானே ஒதுங்கிக்கொள்ளும். எனினும், எழுதிக்கொண்டிருந்த பதிவும், சில வேளைகளில் பதிவுகளின் அட்டவணையும் சிதையக்கூடும். பதிவு ஓடும்போதே மின்னிணைப்பைத் துண்டித்து மீண்டும் இயக்கிக் காட்டுமாறு கடைக்காரரிடம் கேட்கலாம். அதுவரை பதிந்தது எஞ்சியிருந்தால் அது நல்ல கருவி.

மூன்றாவதாக, வட்டை மாற்ற இயலுமா என்று அறிய வேண்டும். எந்த வட்டும் ஒருநாள் பழுதாகும். பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் தான் இயக்கும் வட்டுகளின் பழுதுக் கணக்கை 2013 முதல் வெளியிட்டு வருகிறது. அண்மை ஆண்டுகளில் நூறு வட்டுகளுக்கு ஓராண்டில் ஒன்று முதல் இரண்டு வரை பழுதாவதை அக்கணக்கு காட்டுகிறது. குறைவுதான், எனினும் பழுதாகும் அந்த ஒன்று நம்முடையதாக இருக்கலாம். ஓயாது பதியும் கருவிக்கு, வெஸ்டர்ன் டிஜிட்டலின் பர்ப்பிள், சீகேட்டின் ஸ்கைஹாக் போன்று இடைவிடா ஒளிப்பதிவுக்கென வடிவமைத்த வட்டுகள் ஏற்றவை. உத்தரவாதச் சீட்டு வட்டுக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் மறத்தலாகாது. புதிய வட்டு கிடைக்கும். பழைய பதிவு கிடைக்காது.

பழைய நாடாக்களை ஏற்றுவோருக்குத் தனிக் கருவி இன்றியமையாததன்று. ஓடும் நிலையிலுள்ள ஒரு ‘டெக்’, அதன் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளை ஏற்கும் ஒரு சிறு பதிவிணைப்பி, ஒரு கணினி ஆகியன போதும். பூஞ்சை படர்ந்த நாடாவைத் துப்புரவு செய்யாமல் ஓட்டினால் நாடாவும் கெடும், கருவியின் முனையும் கெடும். நொடிக்கு ஐந்து மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு மணிநேரத்திற்கு ஏறத்தாழ 2.25 ஜிகாபைட் இடம் தேவை. மூன்று மணிநேர நாடாவிற்கு 7 ஜிகாபைட் எனக் கொண்டால், ஒரு டெராபைட் வட்டில் நூற்றுநாற்பது நாடாக்கள் அடங்கும். வட்டு எஃப்.ஏ.டி.32 முறையில் அமைந்திருப்பின் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது. எனவே, எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்துக் கொள்வது நலம்.

பேணும் முறை

2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயலுக்குப் பின் நம் மாவட்டத்தின் ஊர்கள் பலவும் பல நாள்கள் மின்சாரமின்றிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. மின்சாரம் மீளும் வேளையில் எழும் ஏற்றத்தாழ்வு கருவிகளுக்குக் கேடு விளைவிக்கும். ஆகவே, பதிவுக் கருவியை யு.பி.எஸ். வழியாக இணைத்தல் வேண்டும். இடி முழங்கும் நாளில் மின்செருகியை மட்டுமன்றி, கூரையிலுள்ள தட்டிலிருந்து வரும் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். பலரும் இரண்டாவதை மறந்து விடுகின்றனர்.

வெப்பமும் வட்டுக்குப் பகை. கண்ணாடிக் கதவிட்ட அலமாரிக்குள் கருவியைப் பூட்டி வைப்பதும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் தவறு. ஓடும் நிலையில் அதை அசைத்தலும் கூடாது. எடுத்து வைக்கும் புற வட்டுகளை ஈரம் புகாப் பெட்டியில் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்து, ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும் இயக்கிப் பார்க்க வேண்டும்.

இவை அனைத்தினும் முதன்மையானது, ஒரே வட்டை நம்பாதிருத்தல். மூன்று படிகள் எடுத்து, அவற்றை இருவேறு வகைப் பொருள்களில் ஏற்றி, ஒன்றை வேறு ஊரில் வைப்பது கணினி வல்லுநர் கூறும் நெறி. வீட்டுக் கணினியில் ஒன்று, புற வட்டில் ஒன்று, சென்னையிலோ துபாயிலோ வாழும் மகனிடமோ மகளிடமோ ஒன்று என வைத்தால், ஒரு வெள்ளமோ புயலோ மூன்றையும் ஒருங்கே அழிக்க இயலாது.

நாடாவின் காலம் முடிந்தது போல் வட்டின் காலமும் ஒருநாள் முடியும். பதிவுகளை ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்கு மாற்றிக்கொண்டே செல்லும் குடும்பமே அவற்றைக் காக்கும். ஆண்டுதோறும் விதைத்து, அறுத்து, மீண்டும் எடுத்துவைப்பதாலன்றோ விதைநெல்லும் தலைமுறைகளைக் கடந்து வருகிறது! மாணவர்கள் இவ்விடுமுறையில் தத்தம் வீட்டுப் பரண்மீதுள்ள நாடாப் பெட்டியை ஒருமுறை இறக்கிப் பார்ப்பார்களாக. அதில் எழுதியுள்ள பெயர்களையும் நாள்களையும் படித்துச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.