தேர்வும் மனச்சோர்வும்

மருத்துவக் கல்லூரிகளில் சேர்வதற்கென 2025ஆம் ஆண்டு நடந்த நீட் தேர்வில் 180 வினாக்கள் இருந்தன. விடையளிக்க 180 நிமிடம் தரப்பட்டது. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 மதிப்பெண் குறையும். இத்தகைய தேர்வுக்குக் கல்வியறிவு மட்டும் போதாது. கலையாத கவனமும் வேண்டும். அதனைக் காக்கும் வழியைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நெடுநேரம் படித்தபின் மனம் நூலில் நில்லாது. உடனே பலர், தமக்கு மனவுறுதி இல்லையென்று தம்மையே நொந்துகொள்கின்றனர். உறக்கத்தைக் குறைத்து மேலும் படிக்க முயல்கின்றனர். குற்றம் உண்மையில் மனவுறுதியினதுதானா?

இரண்டாம் உலகப் போரின்போது ரேடார்த் திரையைக் கண்காணித்த பிரிட்டிஷ் விமானப் படையினர், நேரம் செல்லச் செல்ல அதில் தோன்றிய குறிகளைக் காணத் தவறினர். இதனை ஆராய்ந்தவர் நார்மன் மாக்வர்த் என்னும் உளநூலறிஞர். கடிகார முள் போன்ற ஒன்றை அவர் படிப்படியாக நகரச் செய்தார். எப்போதோ ஒருமுறை அது இரண்டு படி தாவும். அதனைக் கண்டு அறிவிக்க வேண்டும். இரண்டு மணி நேரச் சோதனையில், முதல் அரை மணி கழிந்ததுமே தவறுகள் பெருகின. இடையிடையே ஓய்வு தந்தபோது அத்தளர்ச்சி தடைப்பட்டது. இம்முடிவுகளை 1948இல் அவர் வெளியிட்டார். கடமையுணர்ச்சி மிக்க வீரர்க்கே இந்நிலை என்றால், மாணவர் தம்மைப் பழித்துக்கொள்வதில் நியாயம் இல்லையன்றோ?

படிப்பது திரையைக் காப்பது போன்றதன்று எனலாம். உண்மையே. ஆனால், ஒரே பக்கத்தை மீண்டும் மீண்டும் வாசிக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. கண் நகரும், மனம் உழைக்காது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. ஒரு பகுதியை மாணவருள் சிலர் திரும்பத் திரும்பப் படித்தனர்; வேறு சிலர் ஒருமுறை படித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது முன்னவரே சிறந்தனர். ஒரு வாரத்துக்குப்பின் பின்னவரே சிறந்தனர். மறுவாசிப்புத் தரும் தெளிவு பெரும்பாலும் அன்றைய தெளிவே.

ஆகவே, நான் கூறும் முறை எளியது. அரை மணி அல்லது முக்கால் மணி படியுங்கள். பின்னர் நூலை மூடி, படித்ததை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விடுபட்டதை மட்டும் மீண்டும் படியுங்கள். பிறகு எழுந்து சற்று உலாவுங்கள். அடுத்து வேறொரு பாடத்தை எடுங்கள். வாரம் ஒருமுறை, தேர்வு நடக்கும் அதே பிற்பகல் வேளையில், மூன்று மணி நேரம் இடைவிடாமல் மாதிரித் தேர்வு எழுதிப் பழகுங்கள். இரவில் உறக்கத்தைக் குறைக்காதீர்கள். கற்றதை மூளை நிலைநிறுத்திக்கொள்ள உறக்கம் துணைபுரிகிறது.

சோர்வு சோம்பலன்று, ஓய்வு வேண்டும் என்று மனம் காட்டும் குறிப்பு அது. அதனை உணர்ந்து நடப்பவர், தேர்வின் இறுதி வினாவையும் தெளிந்த அறிவோடு சந்திப்பர்.