இணையத்தில் கிடைக்கும் ஆய்வுக் கட்டுரைகளை நம்பலாமா? மேற்கோள் காட்டும் முன் சரிபார்க்க வேண்டியவை என்ன?

புதுடெல்லி: தரமான ஆய்விதழ்களை அடையாளம் காட்டிவந்த 'யுஜிசி-கேர்' பட்டியலைக் கைவிடுவதாகப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025 பிப்ரவரியில் அறிவித்தது. எந்த ஆய்விதழ் நம்பத்தக்கது என்று தீர்மானிக்கும் பொறுப்பு இதன்மூலம் உயர்கல்வி நிறுவனங்களிடமும் ஆய்வாளர்களிடமும் வந்து சேர்ந்துள்ளது. பட்டியல் இல்லாத நிலையில், இணையத்தில் கிடைக்கும் கட்டுரையை மதிப்பிடுவது எப்படி?

பட்டியல் ஏன் கைவிடப்பட்டது?

யுஜிசி முன்பு வைத்திருந்த ஆய்விதழ் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்கள் ஒரே நேரத்தில் நீக்கப்பட்டன. அதன்பின் உருவானதே கேர் பட்டியல். முடிவுகள் அனைத்தும் ஓரிடத்தில் குவிவதாகவும், இதழ்களைச் சேர்ப்பதிலும் நீக்குவதிலும் தாமதம் ஏற்படுவதாகவும் அதன் மீது குறைகள் கூறப்பட்டன. இதழ்களைத் தேர்வு செய்வதற்கான அளவுகோல்களை யுஜிசி தற்போது பரிந்துரையாக மட்டுமே வழங்குகிறது.

போலி இதழை அறிவது எப்படி?

ஐஎஸ்எஸ்என் எண் இருப்பதாலேயே ஓர் இதழ் தரமானதாகிவிடாது. அது இதழை அடையாளம் காட்டும் எண் மட்டுமே; தரச்சான்று அன்று. பணம் செலுத்தினால் சில நாட்களில் கட்டுரை வெளியாகும் என்ற உறுதிமொழி, முகவரியற்ற ஆசிரியர் குழு, தொடர்பில்லாத பல துறைகளுக்கும் ஒரே இதழ் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். அதேசமயம், கட்டணம் பெறும் இதழ்கள் அனைத்தும் போலியானவை அல்ல. வாசகர்களுக்கு இலவசமாகக் கட்டுரைகளை வழங்கும் தரமான இதழ்கள் பலவும் கட்டுரையாளர்களிடம் கட்டணம் பெறுகின்றன. சக ஆய்வாளர்களின் மதிப்பீடு உண்மையில் நடைபெறுகிறதா என்பதே கவனிக்கப்பட வேண்டியது.

நற்பெயர் பெற்ற இதழின் பெயரையும் எண்ணையும் திருடி நடத்தப்படும் 'நகல்' இணையதளங்களும் உள்ளன. எனவே தேடுபொறியில் முதலில் வரும் முகவரியை அப்படியே ஏற்காமல், வெளியீட்டு நிறுவனத்தின் தளம் வழியாகவே இதழின் பக்கத்தை அடைவது பாதுகாப்பானது.

டிஓஐ எண் எதற்கு?

இணைய முகவரிகள் காலப்போக்கில் மாறக்கூடும். '10.' என்று தொடங்கும் டிஓஐ எண் மாறாது. அதை டிஓஐ அமைப்பின் தளத்தில் இட்டால், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு ஆகியவை மேற்கோளுடன் பொருந்த வேண்டும். இந்த எண்ணும் கட்டுரையின் அடையாளத்தை உறுதிசெய்யுமே தவிர, தரத்தை அல்ல. பழைய இதழ்களுக்கும் இந்திய மொழி இதழ்கள் பலவற்றுக்கும் இந்த எண் இருப்பதில்லை. அவற்றுக்குத் தொகுதி, இதழ், பக்க எண்களைக் குறிப்பிடலாம்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள்

புகழ்பெற்ற இதழில் வந்த கட்டுரையும் பின்னர் செல்லாததாகலாம். எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்துடன் தொடர்புபடுத்திய கட்டுரை 1998-இல் 'தி லான்செட்' இதழில் வெளியானது. 12 குழந்தைகளை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட அக்கட்டுரையை 2010-இல் அவ்விதழ் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட 12 ஆண்டுகளில் அது பரப்பிய தடுப்பூசி அச்சம் இன்றும் நீங்கவில்லை.

முன்பே பதிவிறக்கி வைத்த பிரதியில் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற குறிப்பு இருக்காது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு கட்டுரையின் மூலப் பக்கத்தையும் மீண்டும் பார்ப்பது அவசியம். 'ரிட்ராக்ஷன் வாட்ச்' தரவுத்தளத்திலும் இதை இலவசமாகச் சரிபார்க்கலாம்.

செயற்கை நுண்ணறிவு தரும் மேற்கோள்கள்

சாட்ஜிபிடி போன்ற செயலிகள், இல்லாத கட்டுரைகளையும் உண்மையானவை போன்ற தலைப்பு, ஆசிரியர் விவரங்களுடன் தருவதுண்டு. அவ்வாறு கிடைத்த, நடைபெறாத வழக்குகளின் தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டியதற்காக, நியூயார்க்கில் உள்ள மத்திய நீதிமன்றம் 2023-இல் வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. திறந்து படிக்காத எதையும் மேற்கோள் காட்டக் கூடாது என்பதே இதற்கான பாதுகாப்பு. விக்கிபீடியாவைத் தேடலின் தொடக்கமாகக் கொள்ளலாம். மேற்கோள் காட்ட வேண்டியது அதன் அடிக்குறிப்புகளில் உள்ள மூல ஆதாரத்தையே.

உள்ளடக்கம் மாறக்கூடிய இணையப் பக்கமாயின், பார்த்த தேதியையும் குறிப்பிட வேண்டும். 'வேபேக் மெஷின்' காப்பகத்தில் அப்பக்கத்தைச் சேமித்துவைத்தால், பின்னர் அது நீக்கப்பட்டாலும் சான்று நிலைக்கும்.

தவறினால் என்ன தண்டனை?

கருத்துத் திருட்டைத் தடுக்க யுஜிசி 2018-இல் வெளியிட்ட விதிகளின்படி, ஆய்வேட்டில் பிற படைப்புகளுடனான ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 சதவீதம் வரை எனில், 6 மாதங்களுக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40 முதல் 60 சதவீதம் வரை எனில், திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஓராண்டு தடை. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். பட்டம் பெற்ற பின் நிரூபிக்கப்பட்டாலும் பட்டம் நிறுத்திவைக்கப்படலாம். உரிய முறையில் மேற்கோள் காட்டப்பட்ட பகுதிகள் இக்கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.

முழுக் கட்டுரையையும் படிக்க வழி

சந்தா இல்லாததால் சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டும் வழக்கம் தவறுகளுக்கு இடமளிக்கிறது. மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 30 வெளியீட்டு நிறுவனங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டுள்ளது. அந்நிறுவனங்களில் பயில்வோர் தங்கள் நூலகத்தின் வழியே இவற்றைப் பெறலாம்.